நானூறு பேருக்கு ஒரு கடிதம்

பிறருடைய அந்தரங்க விவரங்களைத் தன்னிடம் சேர்த்து வைத்திருக்கும் ஒரு பெரிய கம்பெனியில், அவற்றைக் காப்பது யாருடைய கடமை? இக்கேள்விக்கு இக்காலத்து நிர்வாகஸ்தர்கள் அநேகமாக ஒரே விடையைச் சொல்லக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். "அது எங்கள் எல்லோருடைய கடமை" என்பதே அவ்விடை. கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆண்டறிக்கைகளில் அச்சாகிறது; சிப்பந்திகளின் மேஜைக்கு எதிரே சுவரிலும் ஒட்டப்படுகிறது. எல்லோருடைய கடமை என்று சொல்லப்பட்ட காரியம் எவ்வாறு ஒருவருடைய கடமையும் அல்லாமற் போகிறது என்பதை, அமெரிக்காவில் 2017-ஆம் ஆண்டில் நடந்த ஒரு சம்பவத்தைக் கொண்டு நேயர்களுக்கு விளக்க விரும்புகிறோம். சம்பவம் பழையதுதான். எனினும் அதைப்பற்றி அந்நாட்டுக் காங்கிரஸின் பிரதிநிதிகள் சபைக் கமிட்டி 2018-லும், செனட் சபையின் உபகமிட்டி 2019-லும் வெளியிட்ட அறிக்கைகளைப் போல், ஒரு பெரிய கம்பெனியின் உள்வீட்டை இத்தனை வெளிச்சத்தில் காட்டும் தஸ்தாவேஜுகள் அதிகம் கிடையா.

ஈக்விபாக்ஸ் என்பது ஜார்ஜியா மாகாணத்து அட்லாண்டா நகரில் 1899-ல் தோன்றிய கம்பெனி. கடன் கேட்டு வருபவருடைய நாணயம் எப்படிப்பட்டது என்று பாங்குகளுக்கும் வர்த்தகர்களுக்கும் தெரிவிப்பது அதன் தொழில். அமெரிக்காவில் இத்தொழிலை நடத்தும் மூன்று பெரிய ஸ்தாபனங்களில் அது ஒன்று. நம் நாட்டிலும் 2010-ல் ரிசர்வ் பாங்கின் அனுமதி பெற்று அதன் பெயரால் ஒரு ஸ்தாபனம் ஏற்பட்டது. வீட்டுக்கோ வண்டிக்கோ கடன் விண்ணப்பம் போட்ட நம்மவர்களின் கணக்கு வழக்குகள் இத்தகைய ஸ்தாபனங்களில்தான் போய்ச் சேருகின்றன.

இத்தொழிலில் ஒரு விசேஷம் உண்டு. பாங்கில் பணம் போடுகிறவன் அந்தப் பாங்கை நம்பித் தானே போய்ப் போடுகிறான். நம்பிக்கை குறைந்தால் எடுத்துக்கொண்டு வேறிடம் போகிறான். ஆனால் ஈக்விபாக்ஸிடம் தன் விவரங்களைக் கொடுக்கலாமா என்று எந்த அமெரிக்கக் குடும்பஸ்தனையும் யாரும் கேட்டதில்லை. அவனுடைய பெயர், பிறந்த தேதி, விலாசம், அந்நாட்டில் ஒருவனுக்கு அடையாளமாக ஆயுள் முழுவதும் தொடரும் ஸோஷல் செக்யூரிட்டி எண் ஆகிய எல்லாம், கடன் கொடுத்தவர்களின் வழியாக அங்கே தாமாகவே போய்ச் சேர்ந்துவிடுகின்றன. கம்பெனிக்குப் பணம் கொடுக்கும் வாடிக்கைக்காரர்கள் பாங்குகள், இவனோ சரக்கு. விலகிப் போகும் உரிமை இல்லாதவனுடைய உடைமையைக் கையில் வைத்திருப்பவனுக்குப் பொறுப்பு அதிகமாயிருக்க வேண்டுமா, குறைவாயிருக்க வேண்டுமா என்பதை நேயர்களே சொல்லட்டும்.

இனி நடந்ததைப் பார்ப்போம்.

இன்டர்நெட் வழியாக ஜனங்களுக்குச் சேவை செய்யும் பல ஸ்தாபனங்கள் அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற ஒரு மென்பொருளை உபயோகித்து வந்தன. அதில் ஒரு பெரிய ஓட்டை இருப்பதாகவும், அதை அடைப்பதற்கான திருத்தம் தயாராயிருப்பதாகவும் 2017 மார்ச் 7-ந் தேதி பகிரங்கமாக அறிவிக்கப்பட்டது. மறுநாளே அமெரிக்க சர்க்காரின் உள்நாட்டுப் பாதுகாப்பு இலாகாவைச் சேர்ந்த கம்ப்யூட்டர் அவசரக் குழு பல ஸ்தாபனங்களுக்கு எச்சரிக்கை அனுப்பியது. ஈக்விபாக்ஸுக்கும் அது கிடைத்தது. மார்ச் 9-ந் தேதி கம்பெனியின் பாதுகாப்பு இலாகா அதை மின்னஞ்சலாகத் தன் ஆட்களுக்கு அனுப்பிவைத்தது. மேற்படி மென்பொருளை உபயோகிப்பவர்கள் 48 மணி நேரத்திற்குள் திருத்தத்தைப் பொருத்திவிட வேண்டும் என்பது உத்தரவு. அதைப் பெற்றவர்கள் நானூறு பேருக்கு மேல்.

இதுவரையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எச்சரிக்கை சரியான காலத்தில் வந்தது; உத்தரவும் தெளிவாகவே இருந்தது. ஆனால் யாருக்கு உத்தரவு? "உபயோகிப்பவர்களுக்கு". அந்த மென்பொருள் கம்பெனியில் எங்கெங்கே உபயோகத்தில் இருக்கிறது என்ற முழு ஜாப்தா கம்பெனியிடம் கிடையாது. ஜனங்கள் தங்கள் கடன் கணக்கில் பிழை இருந்தால் முறையிட்டுக்கொள்வதற்காக ஒரு வாசல் ஏற்படுத்தப்பட்டிருந்தது. அதன் பின்னாலிருந்த கம்ப்யூட்டர் ஏற்பாடு 1970-களில் பிறந்து, காலத்துக்குக் காலம் ஒட்டும் தையலும் போட்டு வளர்ந்து வந்தது. ஸ்ட்ரட்ஸ் அங்கே உபயோகத்தில் இருந்தது. அது இருப்பதை அறிந்த மென்பொருள் நிபுணர் ஒருவரும் கம்பெனியில் இருந்தார். அவர் பெயர் அந்த நானூறு பேரின் பட்டியலில் இல்லை! அவருடைய மேலதிகாரியின் பெயர் இருந்தது. மேலதிகாரிக்குக் கடிதம் கிடைத்தது. அவர் அதைக் கீழே அனுப்பவில்லை. இதைச் செனட் உபகமிட்டி தன் அறிக்கையில் எழுதியிருக்கிறது.

கடிதத்தைப் பெற்ற மற்றவர்களைப் பற்றி நாம் ஊகிப்பது கடினமன்று. நானூறு பேருக்குப் போகும் கடிதத்தைப் படிக்கும் ஒவ்வொருவனும் அது மற்ற முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது பேருக்காக எழுதப்பட்டது என்றே எண்ணுவான். இதில் சோம்பலும் இல்லை, துரோகமும் இல்லை. மனித சுபாவம் அப்படி. ஊர் கூடித் தேர் இழுக்கும்போது ஆயிரம் பேர் வடத்தில் கை வைக்கிறார்கள். பத்துப் பேர் கையை எடுத்துவிட்டாலும் தேர் நகரும். ஆனால் சக்கரத்தின் கீழே முட்டுக்கட்டை போடும் ஆட்கள் இன்னார் என்று ஊருக்குத் தெரியும். அவர்கள் இடத்தை விட்டு அசைந்தால் தேர் எவன் மேல் ஏறும் என்பதும் தெரியும். வடம் பிடிக்கும் வேலையையும் கட்டை போடும் வேலையையும் ஈக்விபாக்ஸ் ஒன்றாக எண்ணிவிட்டது.

பிறகு ஒரு சோதனை நடந்தது. ஓட்டையுள்ள மென்பொருள் எங்கேனும் இருக்கிறதா என்று இயந்திரத்தைக் கொண்டு தேடினார்கள். இருக்குமிடத்தை இயந்திரம் எட்டவில்லை. ஒன்றுமில்லை என்று முடிவாயிற்று. மே 13-ந் தேதி திருடர்கள் அந்த ஓட்டை வழியே உள்ளே புகுந்தார்கள். உள்ளே பூட்டில்லாத மேஜையறையில் சாவிக்கொத்தை விட்டதுபோல், உபயோகிப்போரின் பெயர்களும் கடவுச்சொற்களும் மறைக்கப்படாமல் ஒரு கோப்பில் இருந்தன. அவற்றைக் கொண்டு, முறையீட்டு வாசலுக்குச் சிறிதும் சம்பந்தமில்லாத 48 தகவல் களஞ்சியங்களை அவர்கள் எட்டினார்கள். சுமார் 9,000 தடவை வினவி, 265 தடவை அந்தரங்க விவரங்களைப் பெற்றார்கள். 76 நாட்கள் இந்தக் கொள்ளை நடந்தது.

இவ்வளவு நாள் ஒருவரும் பார்க்கவில்லையா என்று நேயர்கள் கேட்கலாம். பார்ப்பதற்கென்றே ஒரு கருவி இருந்தது. மறைமொழியில் வந்துபோகும் போக்குவரத்தைப் பிரித்துப் பார்க்க அதற்கு ஒரு டிஜிட்டல் சர்ட்டிபிகேட் வேண்டும். அதைக் காலாகாலத்தில் புதுப்பிக்க வேண்டும். அது காலாவதியாகி ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. காவற்காரன் வாசலில்தான் நின்றான், கண் கட்டப்பட்டபடி. ஜூலை 29-ந் தேதி புதிய சர்ட்டிபிகேட்டைப் போட்டவுடனேயே சந்தேகத்துக்குரிய போக்குவரத்து கண்ணில் பட்டது. மறுநாள் வாசலை அடைத்தார்கள். இது ஏதோ ஒரு கருவியில் தற்செயலாக நேர்ந்த மறதியும் அன்று. அச்சமயம் கம்பெனியில் குறைந்தது 324 சர்ட்டிபிகேட்டுகள் காலாவதியாகிக் கிடந்தன என்றும், அவற்றில் 79 மிக முக்கியமான இடங்களைக் கண்காணிப்பவை என்றும் பிரதிநிதிகள் சபைக் கமிட்டி கண்டது.

செப்டம்பர் 7-ந் தேதி உலகத்துக்கு விஷயம் தெரிவிக்கப்பட்டது. பாதிக்கப்பட்டவர் தொகை 14 கோடியே 30 லட்சம் என்று முதலில் சொன்னார்கள். பின்னர் அது 14 கோடியே 70 லட்சத்தையும் தாண்டியது. அமெரிக்கர்களில் ஏறக்குறைய பாதிப் பேர்! பிற்பாடு, 2020 பிப்ரவரியில், சீன ராணுவத்தைச் சேர்ந்த நால்வர் மீது அமெரிக்க நீதி இலாகா குற்றம் சாட்டியது. திருடன் யாராயிருந்தாலும் சரி. இங்கே நமக்கு வேண்டியது காவலைப் பற்றிய விசாரணை.

கம்பெனியின் பிரதம நிர்வாகியாயிருந்த ரிச்சர்ட் ஸ்மித் செப்டம்பர் 26-ந் தேதி பதவியிலிருந்து விலகினார். அக்டோபர் 3-ந் தேதி காங்கிரஸ் கமிட்டியின் முன் சாட்சியம் கூறினார். முழுப் பொறுப்பும் தம்முடையதே என்று தொடங்கியவர், எப்படி நேர்ந்தது என்று கேட்கப்பட்டபோது இரண்டு காரணங்களைச் சொன்னார்: திருத்தத்தைப் பொருத்தும்படி உரியவர்களுக்குத் தெரிவிக்கவேண்டிய ஒரு தனி மனிதர் தெரிவிக்கத் தவறினார்; தேடும் இயந்திரமும் கண்டுபிடிக்கத் தவறியது. அவர் சாட்சியம் சொல்வதற்கு முந்தின நாள்தான் கம்பெனியில் ஓர் உயர் அதிகாரி, மேற்படி மின்னஞ்சலை மேற்கொண்டு அனுப்பவில்லை என்ற காரணத்திற்காக வேலையிலிருந்து நீக்கப்பட்டிருந்தார். அந்த அதிகாரி நானூறு பேரில் ஒருவர். தமக்கு மூன்று நான்கு படி கீழே இருப்பவர்களுக்கு ஒவ்வோர் எச்சரிக்கையையும் தாமே அனுப்பிக்கொண்டிருக்க வேண்டும் என்பது பொருந்தாத பேச்சு என்று அவர் பின்னர் கமிட்டியிடம் சொன்னார்.

இங்கே நாம் சற்று நிற்கவேண்டும். பதினான்கு கோடிப் பேரின் அந்தரங்கத்துக்கும் திருடனுக்கும் நடுவே ஒரு மனிதனின் ஞாபகசக்திதான் இருந்தது என்று பிரதம நிர்வாகி சத்தியம் செய்து சொல்வாரானால், அவர் அந்த மனிதனைக் குற்றம் சாட்டுகிறாரா, தம்மைத்தாமேயா? கள்வன் புகுந்தபின் ஒரு காவற்காரனை விரட்டிவிட்டுச் சமாதானமடைவது அரண்மனை வழக்கமாயிருக்கலாம். மதிலை ஏன் ஓராள் உயரத்துக்குக் கட்டினாய் என்று அரசனைக் கேட்க அங்கே ஒருவருக்கும் தைரியம் வராது. இந்த விஷயத்தில் காங்கிரஸ் கமிட்டி கேட்டது. கேட்டபோது வெளிவந்தவை அந்த மின்னஞ்சலைக் காட்டிலும் பெரியவை.

அவற்றுள் முதன்மையானது இலாகாக்களின் பிரிவினை. கம்ப்யூட்டர்களை நடத்தும் இலாகா ஒரு தலைமையதிகாரியின் கீழ் இருந்தது. அவற்றைப் பாதுகாக்கும் இலாகாவின் தலைவரோ அவருக்குக் கட்டுப்பட்டவர் அல்லர். பிரதம நிர்வாகிக்கு நேராகவும் கட்டுப்பட்டவர் அல்லர். கம்பெனியின் சட்ட அதிகாரிக்குக் கீழ்ப்பட்டவர்! நாமும் சட்டம் படித்தவர்களே. ஆனால் சாப்ட்வேர் ஓட்டைகளின் ஜாப்தாவை எங்கள் மேஜையில் கொண்டுவந்து வைத்தால் என்ன செய்வோம் என்பதை நினைத்தால் நகைப்பாயிருக்கிறது. இந்த ஏற்பாடு ஏன் வந்தது என்று விசாரித்ததில், 2005-ஆம் ஆண்டை ஒட்டி அப்போதிருந்த இரு அதிகாரிகளுக்கிடையே ஏற்பட்ட மனஸ்தாபமே காரணம் என்று தெரிந்தது. அந்த இருவரும் போனார்கள். பிளவு மட்டும் பன்னிரண்டு ஆண்டு நிலைத்திருந்தது. பாதுகாப்பு இலாகா விதிகளை எழுதும். கம்ப்யூட்டர் இலாகா அவற்றை நடத்தவேண்டும். நடத்தியதா என்று கேட்கும் அதிகாரம் நடுவழியில் எங்கோ விழுந்து கிடந்தது.

விதிகள் நன்றாகவே எழுதப்பட்டிருந்தன என்பதையும் சொல்லவேண்டும். ஒவ்வொரு கம்ப்யூட்டர் ஏற்பாட்டுக்கும் தொழில் சம்பந்தமான உரிமையாளர், இயந்திர சம்பந்தமான உரிமையாளர் என்று பலர் உண்டு என்றும், இன்னின்னது அவர்கள் வேலை என்றும் காகிதத்தில் இருந்தது. முறையீட்டு வாசலுக்கு அந்த உரிமையாளர்கள் யார் யார் என்பதுதான் தெளிவாயில்லை. பதவி உண்டு, பதவியில் ஆள் இல்லை. 2015-லேயே கம்பெனியின் உள் தணிக்கை ஒன்று, தெரிந்தும் அடைக்கப்படாத ஓட்டைகள் 8,500-க்கு மேல் இருப்பதாக எழுதிவைத்தது. திருத்தங்களைப் பொருத்தும் காரியம் அவரவர் நாணயத்தை நம்பி விடப்பட்டிருக்கிறது என்பதும் அத்தணிக்கையின் குறை. அதற்குப் பின் இரண்டு ஆண்டு அவகாசம் இருந்தது. தணிக்கையைத் தொடர்ந்து மறு தணிக்கை நடக்கவில்லை.

ஒரு கம்பெனி இப்படி ஏன் நடந்துகொள்கிறது? அறிவில்லாமையால் என்று நாம் கருதவில்லை. ஸ்மித்தின் காலத்தில் ஈக்விபாக்ஸ் கம்பெனி மேல் கம்பெனியாகப் பதினெட்டு ஸ்தாபனங்களை வாங்கிச் சேர்த்தது. புதிய விவரங்களைச் சேர்ப்பவனுக்கும் விற்பவனுக்கும் லாபம் வந்தது. சம்பள உயர்வும் போனஸும் வந்தன. அந்த விவரங்களைக் காப்பது வேறொரு இலாகாவின் செலவாக இருந்தது. லாபம் ஒருவர் கையிலும் பொறுப்பு மற்றொருவர் கையிலும் இருக்கும்போது முன்னவர் எதையும் வேண்டாம் என்று சொல்லமாட்டார். பழைய விவரங்களை அழிக்கமாட்டார். தேவையில்லாததைக் கேட்காமல் இருக்கமாட்டார். 1970-களின் ஏற்பாட்டை மாற்றப் பணம் கேட்டால் அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்பார். திருடனுக்கு அகப்படாத விவரம் கம்பெனியிடம் இல்லாத விவரம் ஒன்றுதான். அதைத் தீர்மானிக்கும் இடத்தில் இருப்பவர் வியாபாரத்தை நடத்துபவரே அன்றி, பாதுகாப்பு இலாகாவின் குமாஸ்தா அல்லர். ஆகையால் பொறுப்பைப் பகிர்ந்துகொள்வது என்ற பேச்சு எழும்போது, பங்கு முதலில் போகவேண்டிய இடம் அந்த வியாபார இலாகாக்கள் என்பது நமது உறுதியான அபிப்பிராயம்.

பகிர்ந்துகொள்வது என்ற சொல்லிலேயே ஒரு மயக்கம் இருக்கிறது. நிலத்தைப் பகிர்ந்துகொண்டால் ஒவ்வொருவன் பங்கும் குறைகிறது. பத்துப் பேர் பங்காளிகளானால் ஏக்கர் சென்ட்டாகிறது. பொறுப்பையும் இப்படியே பங்கு போடலாம் என்று எண்ணுபவர்கள் 1882-ஆம் ஆண்டு இந்திய டிரஸ்டு சட்டத்தைப் படித்துப் பார்க்கட்டும். பிறர் சொத்தைக் காக்கும் தர்மகர்த்தாக்கள் பலர் இருந்து, ஒருவருடைய அசிரத்தையால் மற்றொருவர் தவறு செய்ய இடமேற்பட்டால், நஷ்டம் முழுவதற்கும் இருவரில் ஒவ்வொருவரும் உத்தரவாதி என்கிறது அதன் 27-ஆம் பிரிவு. பாதிக்குப் பாதி அன்று, ஒவ்வொருவரும் முழுவதற்கும். சொந்தச் சொத்தை விவேகமுள்ள சாதாரண மனிதன் எவ்வளவு ஜாக்கிரதையாய் வைத்துக்கொள்வானோ அவ்வளவு ஜாக்கிரதை வேண்டும் என்பது 15-ஆம் பிரிவு. தன் கடமையைப் பொதுவாகப் பிறரிடம் ஒப்புவித்துவிட்டுக் கைகழுவ முடியாது என்பது 47-ஆம் பிரிவு. ஆங்கிலேயர் காலத்தில் எழுந்த சட்டமானாலும், இதில் அடங்கிய தர்மம் எந்த அரசாங்கத்துக்கும் சொந்தமானதன்று.

அக்காலத்துக் கஜானா ஆபீசுகளில் இரட்டைப் பூட்டு என்று ஒரு முறை உண்டு. பாங்குகளின் இரும்பறையில் இன்றும் அதைக் காணலாம். இரு உத்தியோகஸ்தர்களிடம் வெவ்வேறு சாவிகள். இருவரும் வந்தாலன்றிக் கதவு திறக்காது. திறந்து மூடியபின் இருவரும் கையெழுத்திட வேண்டும். ஒரு காசு குறைந்தாலும் "அவரிடமும் சாவி இருந்தது" என்ற சமாதானம் இருவருக்கும் செல்லாது. இதுவன்றோ பகிர்ந்துகொண்ட பொறுப்பு! ஆள் இரண்டானதால் காவல் இரட்டித்தது. ஈக்விபாக்ஸில் ஆள் நானூறானதால் காவல் நானூறில் ஒரு பங்காகச் சிறுத்தது. வித்தியாசம் எங்கே இருக்கிறது? கஜானாவில் இரு சாவிக்காரர்களின் பெயரும் தெரியும், ஒவ்வொருவரும் செய்யவேண்டியது இன்னதென்று தெரியும், செய்ததற்குக் கையெழுத்து உண்டு, மற்றவன் செய்தானா என்று பார்க்கும் கடமையும் உண்டு.

இதற்கு எதிராக ஒரு கட்சி பேசுவதுண்டு. பலரிடம் விட்டால்தானே இந்தக் குழப்பம். பாதுகாப்புக்கென்று ஒரு பெரிய அதிகாரியை நியமித்து அவர் தலையிலேயே எல்லாவற்றையும் வைத்துவிட்டால் என்ன என்பர். வைக்கலாம். ஆனால் வியாபார இலாகாவைப் பார்த்து "இதை நிறுத்து" என்று சொல்லும் அதிகாரம் அவருக்கு இல்லாவிட்டால், சம்பளம் கொடுத்து ஒரு பலியாட்டை வளர்த்தது போலாகும். டார்கெட் என்ற பெரிய அமெரிக்க வியாபாரக் கம்பெனிக்கு 2013-ல் நேர்ந்ததையும் இங்கே சொல்லவேண்டும். அதன் கடைகளில் சாமான் வாங்கிய சுமார் 4 கோடிப் பேரின் கார்டு எண்கள் களவு போயின. திருடர்கள் நுழைந்த வழி, குளிர்சாதன வேலைகளைக் குத்தகைக்கு எடுத்த ஒரு சிறு கம்பெனிக்குக் கொடுத்திருந்த கடவுச்சொல். இதில் நமக்கு அதிக அக்கறையுள்ள செய்தி வேறு. டார்கெட்டின் கம்ப்யூட்டர்களை இரவும் பகலும் கண்காணித்தவர்கள் நம் பெங்களூரில் இருந்தவர்கள். அவர்களுடைய கருவி அபாயத்தைக் காட்டியது. அவர்கள் அதை மின்னியாபோலிஸ் நகரத்துத் தலைமை ஆபீசுக்குத் தெரிவித்தார்கள். அங்கே ஒன்றும் நடக்கவில்லை என்று அக்காலத்தில் அமெரிக்கப் பத்திரிகைகள் விவரமாக எழுதின. கண்டவனுக்கு அதிகாரமில்லை, அதிகாரமுள்ளவன் காணவில்லை. கடல் கடந்து வேலையைப் பகிர்ந்துகொண்டவர்கள் நிறுத்தும் அதிகாரத்தைப் பகிர்ந்துகொள்ளவில்லை. இத்தகைய வேலைகளில் நம் இளைஞர்கள் சென்னையிலும் பெங்களூரிலும் ஆயிரக்கணக்கில் அமர்ந்திருக்கிறார்கள். கொள்ளையைக் கண்ட நிமிஷத்தில் கதவைச் சாத்த அவர்களுக்கு அனுமதி உண்டா, அல்லது கடிதம் மட்டும் எழுதலாமா?

கீழே இருப்பவர்களைப் பற்றி இன்னொன்று. தவறைக் கண்டு சொன்னவனையும் தவறு செய்தவனையும் ஒரே தராசில் நிறுத்தும் ஸ்தாபனத்தில் ஒருவனும் வாய் திறக்கமாட்டான். சந்தேகமான கடிதத்தைத் தெரியாமல் திறந்துவிட்ட குமாஸ்தா அதே மணியில் சொன்னால் நஷ்டம் ஒரு மேஜையோடு நிற்கும். வேலை போய்விடும் என்று பயந்து மூன்று நாள் மறைத்தால் கம்பெனி முழுவதும் பரவும். சிப்பந்திகளுக்கு ஆண்டுக்கொரு முறை பாடம் நடத்திக் கையெழுத்து வாங்குவதைப் பொறுப்பைப் பகிர்ந்துகொண்டதாகப் பல கம்பெனிகள் கணக்கில் எழுதுகின்றன. பழியைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு என்று எழுதினால் பொருத்தமாயிருக்கும்.

ஈக்விபாக்ஸ் பிற்பாடு திருந்தியதா? சில காரியங்கள் நடந்தன. 2018-ல் வந்த புதிய பாதுகாப்பு அதிகாரி சட்ட அதிகாரியின் கீழிருந்து எடுக்கப்பட்டுப் பிரதம நிர்வாகிக்கு நேராகக் கட்டுப்பட்டவரானார். 2019 ஜூலையில் அமெரிக்க சர்க்கார் இலாகாக்களுடனும் மாகாணங்களுடனும் ஏற்பட்ட ராஜியில் கம்பெனி 57 கோடியே 50 லட்சம் டாலருக்குக் குறையாமல், 70 கோடி டாலர் வரையில் கொடுக்க ஒப்புக்கொண்டது. ஜனங்களுக்கு அதில் கிடைத்தது அற்பம். ஆளுக்கு 125 டாலர் ரொக்கம் என்று கேள்விப்பட்டு லட்சக்கணக்கானோர் விண்ணப்பம் போட்ட பிறகு, அந்த வகைக்கு ஒதுக்கியதே 3 கோடியே 10 லட்சம் டாலர்தான், அவ்வளவு கிடைக்காது என்று சொல்லிவிட்டார்கள். பணத்தைக் காட்டிலும் அந்த ராஜியில் நம் கவனத்தைக் கவர்ந்த நிபந்தனை ஒன்று உண்டு. பாதுகாப்பு ஏற்பாடுகள் உத்தரவுப்படி நடக்கின்றன என்று கம்பெனியின் டைரக்டர் சபையோ அதன் கமிட்டியோ ஆண்டுதோறும் அத்தாட்சி கொடுக்க வேண்டும் என்பது அது. கஜானாவின் இரண்டாவது சாவி கடைசியில் டைரக்டர்களின் கைக்கு வந்தது. கையெழுத்திடப் போகிறவன் கேள்வி கேட்பான். முறையீட்டு வாசலுக்கு உரிமையாளர் யார் என்று அன்றே ஒரு டைரக்டர் கையெழுத்துக்கு முன் கேட்டிருந்தால் பதில் சொல்ல ஆள் தேடியிருப்பார்கள்.

நம் தேசத்தின் நிலைமை என்ன? அந்தரங்கம் ஒவ்வொருவருக்கும் அடிப்படை உரிமை என்று சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டு 24-ந் தேதி தீர்ப்பளித்தார்கள். ஈக்விபாக்ஸ் களவை உலகம் அறிவதற்குச் சரியாகப் பதினான்கு நாள் முன்னால்! நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா தலைமையில் அமைந்த கமிட்டி 2018-ல் கொடுத்த அறிக்கையில், பிறர் விவரங்களை வைத்திருப்பவர்களுக்கு நம்பிக்கைப் பொறுப்பாளர் என்ற பொருளில் பெயர் வைத்தது. 2023-ல் பார்லிமெண்டு நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்திலும் அப்பெயர் நிலைத்தது. வேலையை வெளியாருக்குக் குத்தகைக்கு விட்டாலும் உத்தரவாதம் கம்பெனியுடையதே என்று அச்சட்டம் சொல்கிறது. மிகப் பெரிய பொறுப்பாளர்கள் என்று சர்க்கார் குறிப்பிடும் ஸ்தாபனங்கள் ஒரு பாதுகாப்பு அதிகாரியை நியமிக்க வேண்டும். அவர் டைரக்டர் சபைக்கே பதில் சொல்லக் கடமைப்பட்டவர். தக்க பாதுகாப்பு செய்யாத குற்றத்துக்கு 250 கோடி ரூபாய் வரையில் அபராதம். 2025 நவம்பரில் விதிகள் வெளியாயின. பிரதானமான கடமைகள் அமலுக்கு வரக் கம்பெனிகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம் கொடுக்கப்பட்டது.

இவை வரவேற்கத்தக்கவையே. ஆனால் தர்மகர்த்தாவின் பெயரைக் கொடுத்த சட்டம், தர்மகர்த்தாவின் உத்தரவாதத்தைப் பாதியிலேயே நிறுத்திவிட்டது. அபராதம் கம்பெனியின் பணத்திலிருந்து போகிறது. அதாவது பங்குதாரர் பணத்திலிருந்து. டைரக்டரின் சொந்தச் சட்டைப்பையை அது தொடுவதில்லை. அபராதத் தொகை முழுவதும் சர்க்காரின் தொகுப்பு நிதிக்குச் சேருகிறது. விவரம் களவு போனவனுக்கு அதில் ஒரு காசு இல்லை. அசிரத்தையால் நஷ்டமடைந்தவன் கம்பெனியிடம் நஷ்டஈடு கேட்க 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஏ பிரிவில் ஒரு வழி இருந்தது. புதிய சட்டம் தன் கடமைகளை அமலுக்குக் கொண்டுவரும் அதே வேளையில் அந்தப் பிரிவை எடுத்துவிட ஏற்பாடு செய்திருக்கிறது.

பார்லிமெண்டு அங்கத்தினர்கள் இந்தப் பிரிவைத் திரும்பக் கேட்க வேண்டும். டைரக்டர் சபையின் ஆண்டு அத்தாட்சியைச் சட்டத்திலேயே சேர்க்கும்படியும், அறிந்தே பொய் அத்தாட்சி கொடுத்தவரிடம் அபராதத்தை நேரில் வசூலிக்கும்படியும் கோர வேண்டும். அதற்குக் காத்திராமல் பங்குதாரர்கள் செய்யக்கூடியதும் உண்டு. வருகிற ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் டிவிடெண்டுக் கணக்கைக் கேட்டு முடித்தபின், ஜனங்களின் விவரங்கள் கம்பெனியில் எத்தனை இடங்களில் இருக்கின்றன, ஒவ்வோர் இடத்துக்கும் எழுத்தில் பொறுப்பேற்றிருப்பவர் பெயர் என்ன, சென்ற தணிக்கையில் கண்ட ஓட்டைகளில் இன்னும் அடைபடாதவை எத்தனை என்று அக்கிராசனரை எழுந்து கேட்கட்டும். "எங்கள் எல்லோருடைய பொறுப்பு" என்று அவர் பதில் சொன்னால், அந்த எல்லோரின் ஜாப்தாவை மேஜைமீது வைக்கும்படி ஒரு தீர்மானம் கொண்டுவரலாம்.